நாலாவது தொட்டி

ஜனவரி 2

அக்கா,

பார்சலைப் பிரித்ததும் "என்ன இது, அட்டைப் பெட்டியை வெட்டி அனுப்பியிருக்கிறாள்" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்த நாற்பது பழுப்புத் துண்டுகளில்தான் என் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நாங்கள் தொடங்கப்போகும் கம்பெனியும் அதில்தான்.

நான் என்ன படிக்கிறேன் என்று யாரோ கேட்டதற்கு அம்மா "குப்பையைப் பத்திப் படிக்கிறா" என்று சொன்னாளாம். பெரிய தவறில்லை. பதினேழு நாடுகளிலிருந்து வந்த இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். மண்ணைக் கெடுக்காத பொருளை எப்படிச் செய்வது என்று காலையில் லேபில் சொல்லித் தருகிறார்கள். அதை வைத்து எப்படித் தொழில் நடத்துவது என்று மதியம் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நானும் எங்கள் வகுப்பிலேயே உயரமானவனும் (நெட்டை என்று வைத்துக்கொள், அவன் பெயர் உன் வாயில் நுழையாது) சேர்ந்து மரக்கன்றுப் பை செய்திருக்கிறோம். காகித ஆலைக் கழிவு நாரும் மாவுச்சத்தும் கலந்தது. பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிட்டுத்தானே கன்றை நட வேண்டும்? இதைக் கிழிக்க வேண்டாம். பையோடு குழியில் வைத்தால் பை கரைந்துவிடும், வேர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்.

லேபில் சூடேற்றிய உர இயந்திரத்தில் நாற்பது நாளில் கரைகிறது. சாதாரண மண்ணில் கரையுமா என்பதுதான் கேள்வி. அதற்காக நான்கு பேருடைய வீடுகளில் சோதனை வைக்கிறோம். அதில் ஒன்று நம் மொட்டைமாடி.

எட்டுத் தொட்டி எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் செடி. நாலு விரல்கடை ஆழத்தில் இந்தப் பைத் துண்டு ஐந்தைப் புதை. பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டியைத் தோண்டி, எத்தனை மிச்சம் என்று எண்ணித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தோண்டிய மண்ணைக் கொட்டிவிடாதே, சாக்கில் வை. எங்கள் கைடு மேடத்துக்கு அசல் தாள்தான் வேண்டும், போட்டோ செல்லாது. தாளின் அடியில் "தொட்டிகளை வேறு யாரும் தொடவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட மறக்காதே.

தாள் எப்படியும் தபாலில் வரப்போகிறது. கூடவே கடிதமும் எழுது. போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. அம்மா ஓய்வு பெற்ற அதே வாரம் நான் விமானம் ஏறியதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரியும். வகுப்பு தொடங்கும் தேதியை நானா வைத்தேன்?

வாலு


பிப்ரவரி 26

வாலு,

தேதியை நீ வைக்கவில்லை. ஆனால் அம்மாவின் கடைசி வேலை நாளன்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாயே, அதை வைத்தது நீதான். அதைப் பிறகு பேசலாம்.

மூன்று தாளும் இத்துடன் இருக்கின்றன. முதல் தொட்டியில் ஐந்து துண்டு, புதிது மாதிரியே. இரண்டாவதிலும் ஐந்து, கொஞ்சம் ஊறியிருந்தன. மூன்றாவதை முந்தாநாள் தோண்டினேன். மூன்றுதான் இருந்தன. மண்ணைச் சலித்தும் பார்த்துவிட்டேன், இரண்டைக் காணவே காணோம். கரைந்திருக்கின்றன. உன்னைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எண்ணைச் சொல்கிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக நான் செய்வது அதைத்தான். ஆபீசில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் உனக்குத் தெரியுமே, தசமம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக்கூட விடமாட்டேனாம்.

அம்மாவைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் கத்தரியையும் பஞ்சையும் எண்ணி எண்ணிக் கொடுத்த கை. எண்ணிக்கை சரியாகாமல் எந்த டாக்டரையும் தைக்க விடாதவள். அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லை. காலையில் கரண்டிகளை எண்ணுகிறாள். துணிக் கிளிப் ஒன்று குறைந்தால் பக்கத்து வீட்டு மாடி வரை போய்த் தேடுகிறாள். பத்தாம் தேதி மாடிக்குப் போனேன். அவள் உன் தொட்டிகள் முன் உட்கார்ந்து மண்ணைக் கிளறப் போனாள். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னொரு தடவை இந்தத் தொட்டிப் பக்கம் வந்தே, நான் வீட்டை விட்டே போயிடுவேன். உனக்கு வேலை இல்லேன்னா மத்தவங்க வேலையைக் கெடுக்காதே" என்று கத்திவிட்டேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு கீழே போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. ஆனால் அதன்பிறகு தொட்டிப் பக்கம் அவள் தலை தெரியவில்லை. ஆக டிக் போட்டிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா, அக்கா, அக்கா,

நாலாவது தொட்டித் தாள் இன்று வந்தது. பதினொன்றாம் தேதி போனிலேயே சொல்லிவிட்டாய், இருந்தாலும் உன் கையெழுத்தில் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டுமே! மிச்சம்: 0. அறுபது நாளில்! தாளை நெட்டையிடம் நீட்டினேன். அவன் நாற்காலியில் ஏறி நின்றான். அவன் நாற்காலியில் ஏறினால் விளக்கு இடிக்கும், இடித்தது.

அன்று போனில் நான் அழுதேன், நீயும் மூக்கை உறிஞ்சியது கேட்டது. எத்தனை மாதம் கழித்துச் சண்டை போடாமல் பேசினோம் சொல்! அதற்காகவே இந்தப் பைக்குக் கோயில் கட்டலாம்.

தொழில்முனைவோர் போட்டியில் நாங்கள்தான் முதல். மேடையில் பேசும்போது உன் தொட்டிகளின் படத்தைப் போட்டேன். "இது என் அக்கா வீட்டு மொட்டைமாடி. ஆராய்ச்சிக்கூடமில்லை, இயந்திரமில்லை. அறுபது நாளில் ஒன்றும் மிச்சமில்லை" என்றேன். நிஜமாகவே கை தட்டினார்கள். கைடு மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்கள் அக்கா வீட்டு மண்ணில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார். வெயில், ஈரம், நுண்ணுயிர் என்று அடுக்கினேன். சரி என்றார். அவர் சரி என்பது எப்போதும் அரைச் சரிதான்.

இந்த நகரப் பூங்காத் துறை அறுநூற்று நாற்பது கன்றுகளை எங்கள் பையோடு நடப்போகிறது. மே மாதம் முதல் வாரம். படிப்பு முடிவதற்குள் முதல் ஆர்டர்! எல்லாம் நீ போட்ட பூஜ்யம்.

அம்மாவிடம் சொல். குப்பையைப் பற்றிப் படிக்கிறவள் மரம் நடப்போகிறாள் என்று.

வாலு


மே 12

வாலு,

நேற்று போனில் நான் சொல்லி முடித்ததும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. "ஹலோ ஹலோ" என்று கத்தினேன். பிறகு பார்த்தால் வைத்துவிட்டிருக்கிறாய். ஆகவே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே.

பத்தாம் தேதி எட்டாவது தொட்டியைத் தோண்டினேன். பூஜ்யம். கடைசித் தாளை எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆபீசுக்குக் கிளம்பும்போது புடவைக்கு ஊக்கு வேண்டியிருந்தது. அம்மாவின் பழைய ஸ்டீல் டப்பாவைத் திறந்தேன், தியேட்டரில் ஓய்வுபெறும்போது கொடுத்தார்களே, அது. உள்ளே மடித்து மடித்து வைத்த, காயம் கட்டுகிற காஸ் துணி. ஒவ்வொரு மடிப்பின்மேலும் ஒட்டுத்தாளில் எண். பிரித்தேன்.

உன் துண்டுகள். கழுவி, துடைத்து, காயவைத்து. இரும்புத் தகடு மாதிரி முழுசாக.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செடிக்குத் தெரியாமத்தான் எடுத்தேன்" என்றாள். "வேர்ல ஒரு நரம்புகூட அறுபடலை. இடுக்கியால எடுத்தேன்."

"ஏம்மா? ஏன்?"

"உள்ள வெளிப்பொருள் கிடக்குது. விட்டா சீழ் பிடிக்கும்ல?"

இவ்வளவுதான் அவள் பதில். பிப்ரவரியில் மூன்றாவது தொட்டிக்குத் தண்ணீர் விட்டபோது ஒன்று மேலே வந்திருக்கிறது. எடுத்திருக்கிறாள். விரலில் இன்னொன்று தட்டியிருக்கிறது, அதையும் எடுத்திருக்கிறாள். நான் கத்தியது அதற்குப் பிறகு. அதன்பின் கொஞ்ச நாள் அடங்கியிருந்து, மார்ச் பிறந்ததும், நான் ஆபீஸ் போன நேரத்தில் மாடிக்குப் போய், கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாக முடித்திருக்கிறாள். செடி வளர்கிறதா என்பதுதான் சோதனை என்று நினைத்திருக்கிறாள். பூஜ்யம் என்று நான் துள்ளியபோதெல்லாம், செடி பிழைத்ததற்காகத்தான் துள்ளுகிறேன் என்று அவளுக்கும் சந்தோஷம். சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது என் வாய்.

ஒட்டுத்தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன். மூன்றாவது தொட்டி: இரண்டு. நாலாவது: நாலு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு: ஐந்து ஐந்து. எடுத்த தேதியும் போட்டிருக்கிறாள். எட்டாவது தொட்டியில் எடுத்தது ஏப்ரல் கடைசியில், புதைத்து நூற்றுப்பத்து நாள் ஆகிறது. முனைகூட மழுங்கவில்லை.

உன் பை கரையவில்லை, வாலு. ஒருபோதும் கரையவில்லை.

அக்கா


மே 20

அக்கா,

போனை நான் வைக்கவில்லை. கையிலிருந்து விழுந்துவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை. லேபில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேயறைந்த மாதிரி நின்றேனாம்.

கன்றுகளை நட்டாயிற்று. மே மூன்றாம் தேதி. அறுநூற்று நாற்பது. பள்ளிப் பிள்ளைகள்கூட வந்து நட்டார்கள். ஒவ்வொன்றும் நாங்கள் செய்த பைக்குள் இருக்கிறது, அக்கா. பை கரையாவிட்டால் வேர் சுவரில் முட்டி முட்டித் தன்னையே சுற்றிக்கொள்ளும். கழுத்தில் சுருக்குப் போட்ட மாதிரிதான். உன் போன் வரும்வரை எட்டு நாளும் நான் அந்தப் பூங்கா வழியாகத்தான் வகுப்புக்குப் போனேன், கன்றுகளுக்குக் கையசைத்துக்கொண்டு. இப்போது வேறு தெருவில் சுற்றிப் போகிறேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான்கு வீடுகளில் சோதனை வைத்தோம் அல்லவா? மற்ற மூன்று வீடுகளிலும் துண்டுகள் அப்படியேதான் இருந்தன. அறுபது நாளிலும், தொண்ணூறு நாளிலும். நெட்டையின் வீட்டில்கூட. குளிர் ஊர், வறண்ட மண், சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்து ஒதுக்கினோம். மேடையில் உன் வீட்டு எண்ணை மட்டும் போட்டோம். கைடு மேடத்திடம் மற்றவை "இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன" என்றேன். பொய்யில்லை. நடந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் அக்கா, நீ ஒன்றைக் கவனித்தாயா? உன் கடிதத்தை நூறு தடவை படித்துவிட்டேன். ஐந்து முதல் எட்டு வரை இருபது. மூன்றாவதில் இரண்டு. நாலாவதில் நாலு. மொத்தம் இருபத்தாறு. இருபத்தேழு இருக்க வேண்டும்! நாலாவதில் புதைத்தது ஐந்து, அம்மா எடுத்தது நாலு, நீ தோண்டியபோது பூஜ்யம். அந்த ஒன்று எங்கே? எண்ணைச் சொல்கிறவள் நீ, கூட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறாயே.

அந்த ஒன்று நிஜமாகவே கரைந்திருக்கலாம். நெட்டையும் அதைத்தான் சொல்கிறான். ஒன்று கரைந்தால்கூட, அந்தத் தொட்டியில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நாலாவது தொட்டி மண்ணைச் சாக்கோடு அனுப்பு. அம்மாவிடமும் கேள். நன்றாக யோசித்துச் சொல்லச் சொல்.

கைடு மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

வாலு


மே 28

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசில் இரண்டு ரிப்போர்ட்டில் தப்பாகக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

மூன்று வீட்டு எண்ணை மறைத்தாயா? நீயா? அம்மா செய்தது அறியாமல் செய்தது. நீ செய்தது என்ன? பதினேழு நாட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பூமியைக் காப்பாற்றப் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு பிடிக்காத எண்ணைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். எங்கள் மேலதிகாரி ஒருமுறை ஒரு கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைக் குறைத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்று ஆறு மாதம் வேறு பிரிவில் மூலையில் உட்கார்ந்திருந்தேன், உனக்கே தெரியும். அப்படிப்பட்டவளின் தங்கை நீ.

முதலில் உன் கைடு மேடத்திடம் போய்ச் சொல். நாளைக்கே.

அம்மா ஒடிந்து போயிருக்கிறாள். "நான் சின்னவ படிப்பைக் கெடுத்துட்டேனா?" என்று தினமும் கேட்கிறாள். இல்லை என்று சொல்கிறேன், நம்பவில்லை. அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டேன். "நாலாவதுல அஞ்சாவது துண்டைக் கையை விட்டுத் துழாவித் தேடினேன், கிடைக்கலை. அன்னிக்கு நீ சீக்கிரம் வந்துட்டே, விட்டுட்டேன்" என்கிறாள். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. கரண்டி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இந்த ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மண் மாடியில்தான் இருக்கிறது. பார்க்கிறேன். அதில் பெரிதாக நம்பிக்கை வைக்காதே.

அக்கா


ஜூன் 4

அக்கா,

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மூன்று வீட்டையும், டப்பாவையும். நீ திட்டியதில் பாதி கோபத்தில்தான் போனேன், பாதி வெட்கத்தில்.

கைடு மேடம் கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா எப்படி எண்ணுவார், எப்படிக் கழுவினார், தேதி எதில் எழுதினார் என்று ஒரு மணி நேரம் கேட்டார். கடைசியில், "இந்தச் சோதனையில் சரியாக வேலை செய்தது உங்கள் அம்மா ஒருவர்தான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது எல்லாம் அந்த ஒரு துண்டில் வந்து நிற்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன், கவனமாகப் படி. கன்றுகளைச் சுற்றித் தோண்டிப் பைகளைக் கிழிக்கலாம். ஆனால் இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் வேர். இந்த வெயிலில் கிழித்தால் நிறையச் சாகும் என்கிறார் பூங்காத் தலைமைத் தோட்டக்காரர். பை எப்போதாவது தானாகக் கரையும் என்றால் கிழிக்காமல் காத்திருப்பதுதான் நல்லது. கரையவே கரையாது என்றால் இன்றைக்கே கிழிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஏற்கனவே சில கன்றுகளின் இலை நுனி கருக ஆரம்பித்துவிட்டது.

காத்திருப்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் உன் நாலாவது தொட்டி. நெட்டை தலைகீழாக நிற்கிறான், ஒன்று கரைந்திருக்கிறது, காத்திருப்போம் என்று. நானும் அவன் பக்கம்தான். அக்கா போட்ட பூஜ்யம் பொய்க்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மேடம் ஜூன் பதினெட்டாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் மண் வந்துவிட வேண்டும்.

சாக்கு ஏன் இன்னும் வரவில்லை?

வாலு


ஜூன் 10

வாலு,

ஏழாம் தேதி உனக்குப் போன் செய்தது இதைச் சொல்லத்தான். நீ எடுத்ததும் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். வாய் வரவில்லை.

மார்ச் பதினொன்றாம் தேதி நாலாவது தொட்டியைத் தோண்டினேன். ஒன்றும் இல்லை. சலித்தேன், இல்லை. என்னால் நம்ப முடியவில்லை. தாளில் பூஜ்யம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கை மண்ணோடு அப்படியே உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய். "அக்கா, என் அதிர்ஷ்டமே நீதான்" என்றாய். நானும் அழுதேன். அம்மாவின் கடைசி வேலை நாளிலிருந்து உன்மேல் வைத்திருந்தது எல்லாம் அன்றைக்கு இறங்கிப்போனது.

போனை வைத்துவிட்டு மண்ணைச் சாக்கில் அள்ளினேன். செடியின் வேர்க்கட்டியை உதறியபோது அதிலிருந்து விழுந்தது. ஒரு துண்டு. முழுசாக.

திரும்பப் போன் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பாய். கையில் போனை எடுத்தேன். நீ சிரித்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. ஐந்தில் ஒன்றுதானே, அடுத்த தொட்டி உண்மையைச் சொல்லிவிடும், அப்போது இதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துண்டைக் கைப்பையில் ஆபீஸ் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த தொட்டியில் பூஜ்யம். அதற்கடுத்ததிலும் பூஜ்யம். பிறகு அந்த ஒன்று ஏதோ தப்பிப்போன ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் ஆபீஸ் வாசலில் அடையாள அட்டையை எடுக்கும்போது விரலில் தட்டும். மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

உன்னை நான் என்னவெல்லாம் எழுதினேன்! "பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு" என்று. அதை எழுதிய அன்றும் அது என் பையில்தான் இருந்தது.

நானாகச் சொல்லவில்லை, வாலு. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். அம்மா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், கையில், தியேட்டரில் கத்தரி வைத்து நீட்டுகிற மாதிரி ஒரு ஸ்டீல் தட்டோடு.

"தியேட்டர்ல ஒண்ணு குறைஞ்சா, முதல்ல வயித்துக்குள்ள தேட மாட்டோம்" என்றாள். "மேஜையைச் சுத்தி நின்னவங்க கையைத்தான் பாப்போம். மூணு பேர்தான் அந்தத் தொட்டியைத் தொட்டது. நான், நீ, செடி. செடி எடுத்திருக்காது."

தட்டை நீட்டினாள். நான் பையைத் திறந்து அதில் வைத்தேன். 'டிங்' என்றுகூடச் சத்தம் வரவில்லை, அவ்வளவு லேசான பொருள். அம்மா என்னைத் திட்டவில்லை. இடுக்கியால் புரட்டிப் பார்த்து, காஸில் மடித்து, ஒட்டுத்தாளில் எண் போட்டுக் கொடுத்தாள். "உடனே அனுப்பு. அங்க நோயாளி மேஜைமேல கிடக்குது" என்றாள்.

அந்த மடிப்பு இத்துடன் இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன். மண் வேண்டாம். மண்ணில் ஒன்றும் இல்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

கவர் நேற்று வந்தது, கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது. தபாலறையிலிருந்து நெட்டை ஓடி வந்து கொடுத்தான். மண்ணுக்குக் கவர் ரொம்ப மெலிசாக இருக்கிறதே என்றான். எல்லோர் முன்னாலும் பிரித்தேன். கைடு மேடம், பூங்காத் தலைமைத் தோட்டக்காரர், நெட்டை. காஸ் துணி மேஜைமேல் விழுந்தது. அவிழ்ந்தது.

கடிதத்தைப் படிக்கவே தேவைப்படவில்லை. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுத்தாளில் அம்மாவின் கையெழுத்து: "தொட்டி 4, துண்டு 5."

மேடம் அதை எடை போட்டார். ஜனவரியில் நான் வெட்டியபோது இருந்த எடை. தோட்டக்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். "அப்போ கிழிச்சுடலாம்" என்கிற மாதிரி ஏதோ அவர் மொழியில் சொன்னார். நாங்கள் பின்னால் போனோம்.

நேற்று மதியமும் இன்று முழுவதும் தோண்டினோம். வகுப்பில் மற்றவர்களும் வந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. மண்ணை விலக்கி, கத்தியால் பையைக் கீறி, வேரை விரலால் பிரித்துவிட வேண்டும். சில பைகளுக்குள் வேர் வட்டமாகச் சுற்றி, சுற்றி, தன்னையே இறுக்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொரு கன்று செத்துவிட்டது. மீதி எப்படி என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும்.

அதில் எத்தனை, நீ ஏழாம் தேதி குழாயைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் கணக்குப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். மூன்று வீட்டு எண்ணை நான் மறைக்காமல் இருந்திருந்தால் எத்தனை என்றும் பார்த்தேன். அதற்கு விடை சுலபம். அறுநூற்று நாற்பதும்.

போட்டிப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கம்பெனி இல்லை. நெட்டை என்னோடு பேசுகிறான், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறான். ஆய்வுக் கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டும், இன்னும் ஒரு பருவம் ஆகும். மேடம் தலைப்பும் கொடுத்துவிட்டார்: இந்தப் பை ஏன் கரையவில்லை. அதற்கு அம்மாவின் டப்பாவும் ஒட்டுத்தாள்களும் வேண்டும். அம்மாவையே பார்சல் கட்டச் சொல். உன் கை படவேண்டாம்.

எழுதும்போது கடுமையாகத்தான் இருக்கிறது. மாற்றி எழுத மனம் வரவில்லை. நீ அதைச் செய்தது எனக்காக என்று தெரியும். நான் சிரித்ததைக் கெடுக்க மனமில்லாமல் செய்தாய். அதுதான் தாங்கவில்லை, அக்கா. என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் நீ என்றுதான், சண்டை போட்டாலும் போன் செய்துகொண்டிருந்தேன்.

இத்துடன் ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். நாலாவது தொட்டி, மார்ச் பதினொன்று, அறுபதாம் நாள். மிச்சம் என்ற இடத்தில் எண்ணை நிரப்பு. அடியில் இருக்கும் வரியைப் படித்துப் பார்த்து, டிக் போட வேண்டுமா என்று இந்த முறை நீயே முடிவு செய். கையெழுத்துப் போட்டு அசலை அனுப்பு.

அம்மாவிடம் எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று சொல். இருபத்தேழு. தைக்கலாமா என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

வாலு